ஓசெம்பிக், வெகோவி, மௌஞ்சாரோ, சாக்செண்டா: சுகர் ஊசி, வெயிட் ஊசியெல்லாம் எப்படி ஒப்பிட்டுப் பாக்குறது

ஓசெம்பிக், வெகோவி, மௌஞ்சாரோ, ஜெப்பவுண்ட், விக்டோசா, சாக்செண்டா, ட்ருலிசிட்டின்னு ஏழு பேர் காதுல விழுந்தாலும் பென்னுக்குள்ள (பேனா மாதிரி இருக்குற ஊசி) இருக்குற மருந்து நாலே நாலுதான். செமாக்ளூடைடுங்கற மருந்து சுகருக்கு வரும்போது ஓசெம்பிக், வெயிட்டுக்கு வரும்போது வெகோவி. டிர்செபடைட் சுகருக்கு மௌஞ்சாரோ, வெயிட்டுக்கு அமெரிக்கால ஜெப்பவுண்ட், வேற பல நாடுகள்ல ரெண்டுக்கும் மௌஞ்சாரோங்கற ஒரே பேர்தான். லிராக்ளூடைட் சுகருக்கு விக்டோசா, வெயிட்டுக்கு சாக்செண்டா. டுலாக்ளூடைட்னா ட்ருலிசிட்டி, அது சுகருக்கு மட்டும்தான் அப்ரூவல் ஆனது. அதனால ஓசெம்பிக் நல்லதா வெகோவி நல்லதான்னு யாராவது மணிக்கணக்கா சண்டை போட்டா அவங்கள அப்படியே விட்டுட்டு வந்துடுங்க, ரெண்டும் ஒரே மருந்து, ஓசெம்பிக் 2 மி.கி. வரைக்கும் போகும், வெகோவி வழக்கமா 2.4 மி.கி. வரைக்கும் போகும், எதுக்காக எழுதிக் குடுக்கலாம்ங்கற அப்ரூவல் வேற, அவ்ளோதான்.

இந்த நாலுல எதுவும் இன்சுலின் கிடையாது. ஊசின்னதும் "ஐயோ இன்சுலின் ஸ்டேஜுக்கு வந்துட்டேனா"ன்னு பயப்படுறவங்க நிறைய பேர், அதான் சொல்றேன். நாம சாப்பிட்டதும் குடல்ல இருந்து ஜிஎல்பி-1னு ஒரு ஹார்மோன் வரும், அது கணையத்த இன்சுலின் விட வைக்கும், கல்லீரல் தேவையில்லாம சுகர அவுத்து விடுறத அடக்கும், வயிறு காலியாகுற வேகத்தக் குறைக்கும், மூளைக்கு போதும் போதும்னு சொல்லும். உடம்புல இயற்கையா வர்ற ஜிஎல்பி-1 ரெண்டு நிமிஷத்துல உடைஞ்சு போயிடும், அது உடையாம மணிக்கணக்கா, நாள்கணக்கா நிக்கிற மாதிரி செஞ்சதுதான் இந்த மருந்துங்க. இந்த வரிசையில முதல்ல வந்த எக்ஸெனடைட் 2005ல அமெரிக்கால அப்ரூவல் ஆச்சு, அதோட மூலம் கிலா மான்ஸ்டர்னு ஒரு விஷப் பல்லியோட எச்சில்ல கண்டுபிடிச்ச பொருள், நம்புறதுக்கு கஷ்டமா இருக்கும் ஆனா நிஜம். அத தினமும் ரெண்டு வேளை குத்திக்கணும், இப்ப பெருசா யாரும் புதுசா ஆரம்பிக்கிறதில்ல. டிர்செபடைட் மட்டும் கொஞ்சம் வேற மாதிரி, ஜிஎல்பி-1 கூட ஜிஐபின்னு இன்னொரு குடல் ஹார்மோன் வேலையையும் சேத்து செய்யும்.

எதுக்கு எடுக்கப் போறீங்கன்னு முதல்ல எழுதுங்க

ஒரு பேப்பர எடுத்து உங்க காரணத்த எழுதுங்க. சுகர் மட்டுமா, வெயிட் மட்டுமா, ரெண்டுமா, ஹார்ட்ல ஏற்கனவே பிரச்சனை இருக்கா, கிட்னி எப்படி இருக்கு, தூங்கும்போது மூச்சு நிக்கிற தொல்லை இருக்கா. பக்கத்துலயே கடைசியா எடுத்த ஏ1சி (மூணு மாச சராசரி சுகர்), ஈஜிஎஃப்ஆர் (கிட்னி எவ்ளோ வடிகட்டுதுங்கற நம்பர்), யூரின் அல்புமின் (யூரின்ல புரோட்டீன் ஒழுகுதாங்கற டெஸ்ட்), வெயிட், இப்ப போட்டுட்டு இருக்குற மாத்திரை அத்தனையும் எழுதுங்க. இந்த ஒரு பக்கம் இல்லாம எந்த மருந்தையும் ஒப்பிடவே முடியாது, ஏன்னா எடைய நல்லா குறைக்கிற மருந்தும் உங்க கிட்னிக்கு ஆதாரம் இருக்குற மருந்தும் ஒண்ணாவே இருக்கணும்னு எந்த கட்டாயமும் இல்ல. நெட்ல வர்ற ஒப்பீடு எல்லாமே எத்தன கிலோ குறைஞ்சதுங்கற ஒரே கோட்டுல ஓடுது, எனக்கு அதுல உடன்பாடு கிடையாது.

வெயிட்டுக்குன்னு எழுதுறதுக்கு பொதுவான அளவுகோல் பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்ளோங்கற கணக்கு) 30க்கு மேல, இல்ல 27க்கு மேல இருந்து கூடவே பிபி, சுகர், கொலஸ்ட்ரால் மாதிரி எடையோட சம்பந்தப்பட்ட பிரச்சனை ஏதாவது இருக்கணும். சில நாடுகள்ல இது கொஞ்சம் மாறும். கல்யாணத்துக்கு முன்னாடி அஞ்சு கிலோ குறைக்கணும்னு எடுக்குற மருந்து இல்ல இது.

அந்த சதவீத கணக்க எப்படி படிக்கணும்

இங்கதான் நிறைய பேர் ஏமாந்து போறாங்க, அதனால கொஞ்சம் பொறுமையா படிங்க. வெகோவிக்கு ஸ்டெப் 1னு ஒரு ஆய்வு, 1961 பேர், 68 வாரம், சுகர் இல்லாதவங்க, சராசரியா 14.9 சதவீதம் எடை குறைஞ்சது, வெறும் டம்மி ஊசி போட்டவங்களுக்கு 2.4. டிர்செபடைடுக்கு சர்மவுண்ட் 1, 2539 பேர், 72 வாரம், 5 மி.கி.ல 15 சதவீதம், 10ல 19.5, 15ல 20.9, டம்மில 3.1. இந்த ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு படம் போட்டு ஓட்டிட்டு இருந்தாங்க, ஆனா ரெண்டும் வேற வேற ஆளுங்க மேல வேற வேற நேரத்துல நடந்தது, அப்படி நேரா ஒப்பிடுறது சரியில்ல. நேருக்கு நேரா வச்சுப் பாத்த ஆய்வு 2025ல வந்துச்சு, சர்மவுண்ட் 5, 751 பேர், 72 வாரம், டிர்செபடைட் 20.2 சதவீதம், செமாக்ளூடைட் 13.7 சதவீதம், கிலோவுல சொன்னா 22.8க்கு 15. அதனால எடை மட்டும்தான் கேள்வின்னா சராசரியில டிர்செபடைட் முன்னாடி நிக்குது, இதுல சந்தேகம் வேண்டாம். ஆனா அந்த ஆய்வுக்கு காசு போட்டது டிர்செபடைட் தயாரிக்கிற எலி லில்லி கம்பெனிதான்னும் தெரிஞ்சு வச்சுக்கங்க, அதனால முடிவு பொய்னு இல்ல, யாரு நடத்துனாங்கன்னு பாக்குற பழக்கம் வேணும்.

இன்னொரு உதாரணம் சொல்றேன், சர்பாஸ் 2னு ஒண்ணு, சுகர் இருக்குறவங்க 1879 பேர், 40 வாரம். செமாக்ளூடைட் ஏ1சிய 1.86 பாயிண்ட் குறைச்சது, டிர்செபடைட் டோஸுக்கு ஏத்த மாதிரி 2.01ல இருந்து 2.30 வரைக்கும். பாத்ததும் பெரிய ஜெயிப்பு மாதிரி தெரியும், ஆனா அதுல செமாக்ளூடைட் 1 மி.கி.தான் குடுத்தாங்க, இப்ப 2 மி.கி. வரைக்கும் இருக்கு. டிர்செபடைட் மட்டும் அதோட உச்ச டோஸ் 15 வரைக்கும் போச்சு. அதுவும் போக 1.86க்கும் 2.01க்கும் நடுவுல இருக்குற வித்தியாசம் உங்க வாழ்க்கைல எவ்ளோ பெருசுன்னு யோசிங்க, ஏ1சி 8.5 இருக்குறவருக்கு ரெண்டுமே நல்ல எடத்துக்கு கொண்டுவந்து விட்டுடும்.

லிராக்ளூடைட் இந்த பந்தயத்துல பின்னாடிதான், ஸ்டெப் 8ங்கற ஆய்வுல செமாக்ளூடைட் 15.8 சதவீதம் குறைச்சப்போ லிராக்ளூடைட் 6.4தான். டுலாக்ளூடைட் எடைய கொஞ்சமா குறைக்கும், அதோட பலம் வேற எடத்துல இருக்கு, அத அப்புறம் சொல்றேன்.

சுகர் இருக்குறவங்க ஒண்ண கவனிக்கணும், டைப் 2 சுகர் இருந்தா எடை குறையுறது கம்மியாதான் இருக்கும். அதே வெகோவி டோஸ் சுகர் இருக்குறவங்கள வச்சு பாத்தப்போ 9.6 சதவீதம், டிர்செபடைட் 15 மி.கி. 14.7 சதவீதம். அதனால சுகர் இல்லாத பிரெண்டுக்கு இருபது கிலோ இறங்குச்சு எனக்கு மட்டும் பத்துல நிக்குதேன்னு மனச குழப்பிக்காதீங்க. சராசரிங்கறது சராசரிதான், ஸ்டெப் 1ல 86 சதவீதம் பேருக்கு அஞ்சு சதவீதமாவது குறைஞ்சது, அப்படின்னா ஏழு பேர்ல ஒருத்தருக்கு அது கூட குறையல. மருந்து ஒத்துக்காத ஆளுங்க இருக்காங்க, அது அவங்க கட்டுப்பாடு இல்லாததுனால கிடையாது.

இன்னொண்ணு, மி.கி. நம்பர வச்சு எது பவர்னு பாக்கவே கூடாது. டிர்செபடைட் 5 மி.கி., செமாக்ளூடைட் 1 மி.கி., அதனால இது அஞ்சு மடங்குன்னு அர்த்தமே இல்ல, ஒவ்வொரு மருந்துக்கும் அதோட கணக்கு தனி.

ஹார்ட், கிட்னி இருந்தா கணக்கு மாறும்

என்னைக் கேட்டா எடைய விட இதுக்குதான் அதிக மார்க் குடுக்கணும். லிராக்ளூடைட் 2016லயே லீடர் ஆய்வுல 9340 சுகர்காரங்க கிட்ட ஹார்ட் அட்டாக், ஸ்ட்ரோக், ஹார்ட்னால வர்ற சாவு மூணும் சேத்து 13 சதவீதம் குறைச்சு காட்டுச்சு. டுலாக்ளூடைட் ரிவைண்ட் ஆய்வுல 12 சதவீதம், அதோட விசேஷம் என்னன்னா அதுல இருந்த 9901 பேர்ல பெரும்பாலானவங்களுக்கு அதுக்கு முன்னாடி ஹார்ட் பிரச்சனையே வந்ததில்ல. அதனால ட்ருலிசிட்டிய பழைய மருந்துன்னு ஒதுக்குறவங்கள பாத்தா எனக்கு கொஞ்சம் கோவம் வரும். செமாக்ளூடைட் செலக்ட்னு ஒரு பெரிய ஆய்வு, 17,604 பேர், சுகர் இல்ல, ஆனா எடை அதிகம், ஹார்ட் நோய் ஏற்கனவே இருக்கு, அவங்களுக்கு அதே மூணும் சேத்து 20 சதவீதம் குறைஞ்சது. கிட்னிக்கு ஃப்ளோ ஆய்வு, சுகரும் கிட்னி நோயும் சேந்து இருந்த 3533 பேர், செமாக்ளூடைட் 1 மி.கி., கிட்னி மோசமாகுறதும் கிட்னி, ஹார்ட்னால வர்ற சாவும் சேத்து 24 சதவீதம் குறைஞ்சது, அத வச்சு 2025 ஜனவரில ஓசெம்பிக்குக்கு கிட்னிக்கும் அமெரிக்கால அப்ரூவல் கிடைச்சது.

டிர்செபடைட் ஹார்ட் ஆய்வு கொஞ்சம் லேட்டா வந்துச்சு, அதுல டம்மி ஊசிக்கு பதிலா டுலாக்ளூடைட் கூடவே மோத விட்டாங்க, பதிமூணாயிரம் பேருக்கு மேல, அதுக்கு குறைஞ்சது இல்லைன்னு நிரூபிச்சது. மூச்சு நிக்கிற ஸ்லீப் ஆப்னியாவுக்கு 2024 டிசம்பர்ல ஜெப்பவுண்டுக்கு அப்ரூவல் வந்துச்சு. ஆக சுகரோட கிட்னி லேசா அடி வாங்கியிருக்குன்னா நான் முதல்ல செமாக்ளூடைட் பத்தி டாக்டர் கிட்ட கேப்பேன், எடை ரொம்ப அதிகம், தூக்கத்துல மூச்சு நிக்குதுன்னா டிர்செபடைட் பத்தி கேப்பேன், தினமும் குத்திக்கறதுல தயக்கம் இல்ல, செலவு குறைவா வேணும்னா லிராக்ளூடைட், ஏன்னா அதுக்கு ஜெனரிக் (வேற கம்பெனிங்க அதே மருந்த விலை குறைச்சு செய்யுறது) வந்தாச்சு. இது கேள்வி கேக்குற வரிசை மட்டும்தான், உங்களுக்கு எது ஒத்து வரும்னு முடிவு எடுக்குறது உங்க டாக்டர்.

யாருக்கு ஆகாது

மெடுல்லரி தைராய்டு கேன்சர் உங்களுக்கோ ரத்த சொந்தத்துலயோ இருந்தா, எம்ஈஎன் 2ங்கற பரம்பரை நோய் இருந்தா நாலுமே வேண்டாம், அட்டைப்பெட்டிக்குள்ள இருக்குற தாள்ல கட்டம் கட்டி போட்டிருப்பாங்க. எலி மேல பண்ணின ஆய்வுல வந்த எச்சரிக்கை அது, மனுஷங்களுக்கு அப்படி ஆகும்னு உறுதி ஆகல, ஆனாலும் ரிஸ்க் எடுக்க மாட்டாங்க. சாதாரண தைராய்டு மாத்திரை போடுறவங்க இதப் பாத்து பயப்பட வேண்டாம், அது வேற இது வேற. கணையம் வீங்கி ஆஸ்பத்திரில படுத்தவங்க, வயிறு ரொம்ப மெதுவா காலியாகுற நோய் இருக்குறவங்க கண்டிப்பா முன்னாடியே சொல்லணும். டைப் 1க்கு இது மருந்து இல்ல. குழந்தைக்கு பிளான் பண்றவங்க செமாக்ளூடைட குறைஞ்சது ரெண்டு மாசம் முன்னாடியே நிறுத்தணும்.

கருத்தடை மாத்திரை போடுற பெண்கள் டிர்செபடைட் ஆரம்பிச்சா ஒரு தனி விஷயம் இருக்கு, ஊசி வயித்த மெதுவாக்குறதுனால மாத்திரை சரியா உடம்புல ஏறாம போகலாம், அதனால ஆரம்பிச்சதும் நாலு வாரம், ஒவ்வொரு தடவ டோஸ் ஏத்தினதும் நாலு வாரம் ஆணுறை மாதிரி வேற வழியும் சேத்துக்கணும், இல்ல மாத்திரை இல்லாத முறைக்கு மாறணும். செமாக்ளூடைடுக்கு இப்படி ஒரு எச்சரிக்கை இல்ல. ஒப்பிடும்போது பலரும் தாண்டிப் போற ஒரு வித்தியாசம் இது, எடை குறைஞ்சா கருத்தரிக்கிற வாய்ப்பும் கூடும்ங்கறதையும் சேத்து யோசிங்க.

கண்ணுல ஏற்கனவே சுகர்னால ரெட்டினா (விழித்திரை) பாதிப்பு இருந்தா செமாக்ளூடைட் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி கண் டாக்டர பாத்துடுங்க. சஸ்டெய்ன் 6 ஆய்வுல ரெட்டினா சிக்கல் மருந்து எடுத்தவங்களுக்கு 3 சதவீதம், எடுக்காதவங்களுக்கு 1.8, சுகர் திடீர்னு வேகமா இறங்குறது ஒரு காரணமா இருக்கலாம்னு சொல்றாங்க.

இன்சுலின், இல்லைன்னா கிளிமிபிரைட், கிளிக்லசைட் மாதிரி மாத்திரை கூடவே எடுத்தா லோ சுகர் வரும், அதோட டோஸ ஆரம்பத்துலயே குறைக்கணுமான்னு கேளுங்க. இந்த ஊசி மட்டும் தனியா எடுத்தா லோ சுகர் அபூர்வம், ஏன்னா சுகர் ஏறுனாதான் அது இன்சுலின தூண்டும். ஆனா இன்சுலின் போட்டுட்டு இருக்குறவங்க தானா இன்சுலின நிறுத்திட்டு இதுக்கு தாவுறது ரொம்ப ஆபத்து. சிட்டாக்ளிப்டின், வில்டாக்ளிப்டின்னு கிளிப்டின்ல முடியுற மாத்திரை போடுறவங்களுக்கு இது ரெண்டும் சேந்து பெருசா லாபம் கிடையாது, பொதுவா அத நிறுத்திடுவாங்க.

வயிறு, டோஸ் ஏத்துறது

எல்லா மருந்துலயும் பெரிய தொல்லை ஒண்ணுதான், வயிறு. குமட்டல், வாந்தி, பேதி, மலச்சிக்கல், நெஞ்செரிச்சல். டோஸ் ஏத்துற வாரங்கள்ல அதிகமா வரும், பிறகு பெரும்பாலானவங்களுக்கு அடங்கும். அதனாலதான் படிப்படியா ஏத்துறாங்க. செமாக்ளூடைட் 0.25ல நாலு வாரம், அப்புறம் 0.5, அதுக்கு மேல 1, ஓசெம்பிக்ல 2, வெகோவில 1.7, 2.4. டிர்செபடைட் 2.5ல நாலு வாரம், அப்புறம் 5, தேவைப்பட்டா 2.5 மி.கி. கூட்டிக் கூட்டி 15 வரைக்கும், ஒவ்வொரு படியிலயும் குறைஞ்சது நாலு வாரம். லிராக்ளூடைட் 0.6ல ஆரம்பிச்சு வாரா வாரம் 0.6 ஏத்துவாங்க, சுகருக்கு 1.8, வெயிட்டுக்கு 3 மி.கி. டுலாக்ளூடைட் 0.75, 1.5, 3, 4.5.

முதல் மாசம் ஒண்ணுமே குறையலன்னு சிலர் மருந்த திட்டுவாங்க, 0.25ங்கறதும் 2.5ங்கறதும் வயித்த பழக்குறதுக்கான டோஸ், வேலை செய்யுற டோஸ் இல்ல, அதனால அங்க ரிசல்ட் எதிர்பாக்காதீங்க. அதே மாதிரி வேகமா குறையணும்னு வாரத்த தாண்டி ஏத்துறது, பிரெண்டோட பென்ன வாங்கி குத்துறது எதுவும் வேண்டாம். குறைஞ்ச டோஸுலயே நல்லா ஓடுதுன்னா அங்கயே நிக்கலாம், உச்ச டோஸுக்கு போயே ஆகணும்னு யாரும் சொல்லல.

சாப்பாட்டு தட்ட பாதியாக்குங்க, மெதுவா சாப்பிடுங்க, வயிறு நிறைஞ்சதுன்னு லேசா தோணுன உடனே கைய எடுத்துடுங்க, இன்னும் ரெண்டு வாய்தானேன்னு போட்டா அந்த ரெண்டு வாய்தான் ராத்திரி வாந்தியா வரும். எண்ணெயில முக்கினது, ரொம்ப இனிப்பு, படுக்கப் போறதுக்கு முன்னாடி வயிறு முட்ட சாப்பிடுறது இதெல்லாம் ஊசி போட்ட முதல் ரெண்டு மூணு நாள்ல தவிருங்க. தண்ணி குடிக்கிறத மறந்துடாதீங்க, வாந்தி பேதியில தண்ணி சத்து குறைஞ்சு கிட்னிய கெடுத்துக்கிட்டவங்க இருக்காங்க.

இது போக, உடனே டாக்டர் கிட்ட ஓட வேண்டிய அறிகுறி ரெண்டு மூணு இருக்கு, மேல் வயித்துல ஆரம்பிச்சு முதுகு வரைக்கும் போற கடுமையான வலி நிக்கவே இல்லைன்னா அது கணையமா இருக்கலாம், வலது பக்க விலாவுக்கு கீழ வலி, காய்ச்சல், கண் மஞ்சளாகுறது பித்தப்பைக் கல்லா இருக்கலாம், வேகமா எடை குறையும்போது கல் வர்ற வாய்ப்பு ஏற்கனவே கூடத்தான் செய்யும். பார்வை திடீர்னு மங்குனா அன்னைக்கே போகணும், செமாக்ளூடைட்ல கண் நரம்பு ரத்த ஓட்டம் தடைபடுற ஒரு பிரச்சனை ரொம்ப அபூர்வமா, பத்தாயிரத்துல ஒருத்தருக்கு வரலாம்னு ஐரோப்பிய மருந்து முகமை 2025ல சொல்லியிருக்கு.

தசை விஷயம் யாரும் பேச மாட்டேங்குறாங்க. சர்மவுண்ட் 1ல உடம்ப ஸ்கேன் பண்ணி பாத்தவங்களுக்கு குறைஞ்ச எடையில சுமார் முக்கால் பங்கு கொழுப்பு, கால் பங்கு தசை மாதிரியான மத்த திசு. பசியே இல்லாம ரெண்டு பிஸ்கட்ல நாள ஓட்டுனா அந்த பங்கு இன்னும் ஏறும், அதனால ஒவ்வொரு வேளையும் புரோட்டீன முதல்ல சாப்பிடுங்க, வாரத்துல ரெண்டு மூணு நாள் எடை தூக்குற பயிற்சி ஏதாவது பண்ணுங்க. வயசானவங்களுக்கு இது ரொம்ப ரொம்ப முக்கியம், விழுந்தா எழுந்திரிக்க தசை வேணும்.

பென் கைல வந்ததும்

வாரம் ஒரு தடவையா தினமுமாங்கறது பெரிய வித்தியாசம். செமாக்ளூடைட் பாதியா குறைய சுமார் ஒரு வாரம் ஆகும், டிர்செபடைட் அஞ்சு நாள், லிராக்ளூடைட் பதிமூணு மணி நேரம், அதனாலதான் லிராக்ளூடைட தினமும் குத்தணும். தினமும்ங்கறதுல ஒரு நல்லதும் இருக்கு, ஒத்துக்கலன்னா ரெண்டு நாள்ல உடம்ப விட்டுப் போயிடும், வார ஊசி ஒத்துக்கலன்னா அது கரையுற வரைக்கும் வாரக்கணக்கா தாங்கிக்கணும்.

பென்னும் ஒவ்வொண்ணும் ஒரு மாதிரி. ஓசெம்பிக்ல ஊசி முனைய தனியா மாட்டணும், புது பென்னுன்னா முதல் தடவ ஃப்ளோ செக் அடையாளத்துக்கு திருப்பி அமுக்கி நுனியில ஒரு சொட்டு வருதான்னு பாக்கணும், சொட்டு வரலன்னா திரும்ப பண்ணணும், அது வராம குத்துனா டோஸ் உள்ள போயிருக்காது. அப்புறம் டோஸுக்கு திருப்பி, தோல்ல நேரா குத்தி, பட்டன அமுக்கி, கவுண்டர் 0க்கு வந்ததும் அப்படியே புடிச்சுட்டு மெதுவா ஆறு வரைக்கும் எண்ணணும், அவசரப்பட்டு வெளிய எடுத்தா தோல் மேலயே மருந்து வழியும். ட்ருலிசிட்டியும் ஒரே ஒரு டோஸ் மட்டும் இருக்குற மௌஞ்சாரோ பென்னும் ஊசி முனை கண்ணுக்கே தெரியாது, தோல்ல வச்சு லாக்க திறந்து பட்டன அமுக்கினா ஒரு கிளிக், கொஞ்ச நேரம் கழிச்சு ரெண்டாவது கிளிக், அது கேட்ட பிறகுதான் எடுக்கணும். ஊசின்னா மயக்கம் வர்றவங்களுக்கு இந்த மாதிரி பென் பெரிய வரப்பிரசாதம், கை நடுங்குறவங்களுக்கும்தான். தொப்புள சுத்தி ரெண்டு அங்குலம் விட்டுட்டு வயிறு, இல்ல தொடை, மேல் கை, வாரா வாரம் எடத்த மாத்துங்க. முனைய ஒரு தடவைக்கு மேல யூஸ் பண்ணாதீங்க, பென்ன வீட்டுல வேற யாரோடயும் பகிர கூடாது, முனை மாத்துனாலும் கூடாது.

வாங்குன உடனே பிரிட்ஜ்ல 2ல இருந்து 8 டிகிரிக்குள்ள, ஐஸ் பெட்டி ஒட்டி வைக்க வேண்டாம், உறைஞ்சு போன மருந்து இளகினாலும் வீண். வெளிய வைக்கிற கணக்கு ஒவ்வொண்ணுக்கும் மாறும், அமெரிக்கால பெட்டில வர்ற தாள் கணக்குப்படி 30 டிகிரிக்கு மேல போகாத எடத்துல, திறந்த ஓசெம்பிக் 56 நாள், வெகோவி 28 நாள், ஒரு டோஸ் மௌஞ்சாரோ பென் 21 நாள், ட்ருலிசிட்டி 14 நாள், திறந்த விக்டோசா, சாக்செண்டா 30 நாள். அடிக்கடி பிரயாணம் போறவங்க இதையும் ஒப்பீட்டுல சேத்துக்கங்க.

டோஸ் மறந்துட்டா ஓசெம்பிக் அஞ்சு நாளுக்குள்ள ஞாபகம் வந்தா போட்டுக்கலாம், டிர்செபடைட் நாலு நாளுக்குள்ள, டுலாக்ளூடைட் அடுத்த டோஸுக்கு மூணு நாளாவது இருந்தா, வெகோவி அடுத்த டோஸுக்கு ரெண்டு நாளுக்கு மேல இருந்தா. அதுக்கு மேல போயிடுச்சுன்னா விட்டுட்டு அடுத்த வழக்கமான நாள்ல போடுங்க, ரெண்டு டோஸ சேத்துப் போடாதீங்க. பல வாரம் விட்டுப் போச்சுன்னா பழைய உச்ச டோஸுல திரும்ப குதிக்காம டாக்டர் கிட்ட கேட்டு கீழ இருந்து ஏறுங்க, இல்லைன்னா வயிறு பழி வாங்கும்.

கம்பெனி பென்னா இல்லாம மருந்துக்கடைல கலந்து பாட்டில்ல வர்ற கலவை மருந்து, இன்சுலின் சிரிஞ்சுல உறிஞ்சி போடுறது இதுல ரொம்ப ஜாக்கிரதை. மி.கி. எது, யூனிட் எது, மி.லி. எதுன்னு குழம்பி அஞ்சுல இருந்து இருபது மடங்கு வரைக்கும் டோஸ் போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு போனவங்க பத்தி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2024ல எச்சரிச்சது. அதே வருஷம் போலி ஓசெம்பிக் பத்தி உலக சுகாதார அமைப்பும் எச்சரிக்கை விட்டுச்சு. பிரிஸ்கிரிப்ஷன் கேக்காம மெசேஜ்ல விலை சொல்ற ஆள் கிட்ட வாங்கவே வாங்காதீங்க, பேட்ச் நம்பர், எழுத்துப் பிழை, பென்னோட டயல் எல்லாத்தையும் பாருங்க.

நிறுத்துனா, மாத்துனா

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே இத எத்தன வருஷம் எடுக்க முடியும்னு கணக்கு போடுங்க. வெகோவி நிறுத்துனவங்கள ஒரு வருஷம் கழிச்சு பாத்தப்போ குறைஞ்ச எடையில மூணுல ரெண்டு பங்கு திரும்ப வந்திருந்தது. டிர்செபடைட்லயும் அதே கதைதான், 36 வாரத்துல 20.9 சதவீதம் குறைஞ்சவங்கள்ல பாதி பேர டம்மிக்கு மாத்துனாங்க, அவங்களுக்கு 14 சதவீதம் ஏறுச்சு, தொடர்ந்தவங்களுக்கு இன்னும் 5.5 குறைஞ்சது. பிபி மாத்திரை நிறுத்துனா பிபி ஏறுற மாதிரிதான் இது, யாரும் அதுக்கு வெக்கப்படுறதில்ல. அதனால ஆறு மாசத்துக்கு மட்டும் காசு இருக்கு, அதுக்குள்ள எடுத்து முடிச்சுடலாம்னு பெரிய டோஸ ஆரம்பிக்கிறத விட, வருஷக்கணக்கா கிடைக்கிற, கையக் கடிக்காத ஒண்ண தேர்ந்தெடுக்கறதுதான் எனக்கு புத்திசாலித்தனமா படுது, சராசரியில ரெண்டு மூணு சதவீதம் குறைவா இருந்தாலும்.

ஒண்ணுல இருந்து இன்னொண்ணுக்கு மாறுறவங்க, வார ஊசின்னா பழசோட அடுத்த டோஸ் வர வேண்டிய நாள்ல புதுச ஆரம்பிக்கிறதுதான் வழக்கம், எந்த டோஸுல ஆரம்பிக்கணும்னு டாக்டர்தான் சொல்லணும், வயிறு ஏற்கனவே பழகிட்டதுனு நேரா மேல குதிக்கிற அளவுக்கு ரெண்டும் ஒண்ணு இல்ல. ரெண்டு ஊசியையும் சேத்து எடுக்கறதுங்கற பேச்சே வேண்டாம், எல்லாம் ஒரே கதவ தட்டுற மருந்து, வாந்திதான் ரெண்டு மடங்காகும்.

ஆபரேஷன், எண்டோஸ்கோப்பின்னு மயக்க மருந்து குடுக்குற எந்த வேலைக்கு போனாலும் இந்த ஊசி எடுக்குறத டாக்டர் கிட்டயும் மயக்க மருந்து டாக்டர் கிட்டயும் முன்கூட்டியே சொல்லிடுங்க, பட்டினி இருந்தாலும் வயித்துல சாப்பாடு தங்கியிருக்கலாம், அது மேல வந்து மூச்சுக்குழாய்க்குள்ள போயிடக்கூடாது, எத்தன நாள் முன்னாடி நிறுத்தணும், நிறுத்தவே வேண்டாமான்னு அவங்க உங்க டோஸ பாத்து சொல்லுவாங்க.